நினைப்பும் ஒரு ரீடிங்தான்!

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இறுதியாண்டு மாணவ மாணவியரும் கலந்துகொண்டனர். பேசியவர் நம் கல்லூரியின் மின்னணு மற்றும் கருவியியல் துறையில் 2010-இல் பட்டம் பெற்றவர்.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பசங்களுக்கு பாசிடிவ் திங்கிங் பத்தி ஒரு அரைமணி நேரம் பேசுப்பா" என்றார். "சார், நான் பிளாண்டில் மீட்டர் பார்க்கிறவன். மனோதத்துவம் படித்தவன் இல்லையே" என்றேன். "அதனாலதான் கூப்பிடறேன். வர்றவங்க எல்லாம் நல்லதையே நினை, நல்லதே நடக்கும்னு சொல்லி கைதட்டல் வாங்கிட்டுப் போயிடறாங்க. பசங்க மறுநாளும் அதே மூஞ்சியோடதான் வர்றாங்க" என்றார். சரி, நம் தொழிலை வைத்தே பேசிப் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டேன்.

முதலில் அந்த 'நல்லதையே நினை'யை எடுத்துக்கொள்வோம். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் என்ற மனவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களை உட்கார வைத்து, மனதில் தோன்றுவதை எழுதச் சொன்னார்கள். அதில் ஒரு பகுதியினர் மணி அடிக்கும்போதெல்லாம் 'நான் அன்புக்குரிய ஆள்' என்று தமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு இதனால் கொஞ்சம் நன்மை இருந்தது. தன்னைப் பற்றிக் குறைவாக நினைப்பவர்களோ, அப்படிச் சொல்லாதவர்களைவிட மோசமான மனநிலைக்குப் போனார்கள். ஏன் என்று யோசித்தால் புரிகிறது. 'நான் கெட்டிக்காரன்' என்று வாய் சொல்லும்போதே உள்ளே ஒருவன் 'அப்படியா? போன செமஸ்டர் மார்க் ஷீட்டை எடு பார்ப்போம்' என்கிறான். வாய் ஒரு தடவை சொன்னால் உள்ளே இருப்பவன் நாலு தடவை மறுக்கிறான். மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன், பொறியியல் மாணவர்களுக்குப் பிடிக்கும். 2005-இல் அமெரிக்காவில் ஒரு பிரபலமான கட்டுரை வந்தது. நல்ல உணர்வுக்கும் கெட்ட உணர்வுக்கும் இடையே உள்ள விகிதம் 2.9013-ஐத் தாண்டினால் மனிதன் செழித்து வளர்வான் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். நாலு தசம இடம்! உலகம் முழுக்க மேடை போட்டு அதைப் பேசினார்கள். கடைசியில் நடுவயதில் பகுதி நேரமாக முதுகலை படித்துக்கொண்டிருந்த நிக் பிரவுன் என்ற மாணவருக்குச் சந்தேகம் வந்தது. ஆலன் சோகல் என்ற இயற்பியல் பேராசிரியரையும் ஹாரிஸ் ஃப்ரீட்மன் என்ற மனவியலாளரையும் சேர்த்துக்கொண்டு தோண்டிப் பார்த்தார். திரவம் சூடாகிச் சுழல்வதற்காக எழுதிய லாரென்ஸ் சமன்பாடுகளை அப்படியே தூக்கி மனித உணர்ச்சிக்குப் பொருத்தியிருந்தார்கள் என்று தெரியவந்தது. 2013-இல் அந்தக் கணிதப் பகுதி முறைப்படி திரும்பப் பெறப்பட்டது. ஆகவே யாராவது மேடையில் ஏறி மகிழ்ச்சிக்கு ஃபார்முலா சொன்னால், யூனிட் என்ன சார் என்று கேளுங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

பைப்லைனில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டியிருக்கிறது. 6 கிலோ காட்ட வேண்டிய இடத்தில் 8 காட்டுகிறது. ஆபரேட்டர் பதறுகிறார். போய் கேஜைக் கழற்றி மேசையில் வைக்கிறோம். எந்த பிரஷரும் இல்லை, வெறும் காற்று. அப்போதும் ஊசி 2-இல் நிற்கிறது. இதற்கு ஜீரோ எரர் என்று பெயர். இரண்டாம் ஆண்டு லேபில் எல்லோரும் பார்த்ததுதான். இந்தக் கேஜ் எந்த லைனில் போட்டாலும் 2 கூட்டியேதான் சொல்லும். ஊசியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கண்ணாடி மேல் 'எல்லாம் நலம்' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டியும் பிரயோஜனம் இல்லை. டெட் வெயிட் டெஸ்டரில் மாட்டி, தெரிந்த எடைக் கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, நிஜம் எவ்வளவு, இது காட்டுவது எவ்வளவு என்று இரண்டு பத்தியில் எழுதிப் பார்க்க வேண்டும். கேஜைப் பற்றி நமக்குக் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. ரீடிங் உண்மையா பொய்யா என்பதுதான் கேள்வி.

மனதில் வரும் நினைப்பும் ஒரு ரீடிங்தான் என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அவர் சம்மதிப்பாரோ என்னவோ, எனக்கு அப்படித்தான் படுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஏரன் பெக் அவர். 1921-இல் பிறந்து, நூறு வயது வாழ்ந்து, 2021-இல் மறைந்தார். ஃபிராய்டு வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு நோயாளிகளைக் கட்டிலில் படுக்க வைத்துப் பேச விட்டபோது, அவர்கள் வெளியே பேசும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருப்பதை 1960-களின் தொடக்கத்தில் கவனித்தார். 'டாக்டருக்கு என் பேச்சு போரடிக்கிறது', 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் நினைப்புகள். யாரும் கூப்பிடாமல் தானாக வருவதால் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். வந்த வேகத்தில் போய்விடுகின்றன. ஆனால் அவை கொண்டுவந்த பயம் மட்டும் தங்கிவிடுகிறது.

இந்த நினைப்புகள் ஏடாகூடமாக வருவதில்லை, அவற்றுக்கு ஒரு சாய்வு உண்டு என்பதுதான் பெக் கண்டதில் முக்கியமானது. நம் ஜீரோ எரர் மாதிரி. கேம்பஸுக்கு வந்த முதல் கம்பெனி கழித்துவிட்டது. உடனே 'எனக்கு வேலையே கிடைக்காது'. ஒன்றை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிப்பது. துறைத் தலைவர் எதிரே வந்தார், வணக்கம் சொன்னோம், சிரிக்கவில்லை; உடனே 'சாருக்கு என் மேல கோபம்'. பாவம், அவர் இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் காணாமல் போன கவலையில் இருந்திருப்பார். (சார், மன்னிக்கணும்.) செமினாரில் பத்துப் பேர் நன்றாக இருந்தது என்றார்கள், ஒருவன் கொட்டாவி விட்டான், ராத்திரி படுத்தால் அந்தக் கொட்டாவி மட்டும் கண்ணில் நிற்கும்.

பெக் சொன்ன வைத்தியம் கேலிபரேஷன் ஷீட் மாதிரியே இருக்கும். என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடிய வார்த்தை என்ன (வார்த்தை பிசகாமல் எழுத வேண்டும்), அதனால் வந்த வருத்தமோ பயமோ நூற்றுக்கு எத்தனை, இந்த நினைப்புக்கு ஆதரவான சாட்சி என்ன, எதிரான சாட்சி என்ன. இவ்வளவையும் எழுதிவிட்டு, எல்லாச் சாட்சியும் அடங்குகிற மாதிரி அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுத வேண்டும். பிறகு மறுபடி நூற்றுக்கு எத்தனை என்று போட வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திருத்திய வாக்கியம் இனிப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 'கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் எனக்கு ஏறவே ஏறாது' என்று ஒரு தங்கை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்தி 'நான் கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் புலி' என்று எழுதினால் அது பச்சை ஸ்டிக்கர். 'ரூட் லோகஸும் போடே பிளாட்டும் எனக்கு வரவில்லை. மற்ற யூனிட்களில் கணக்குப் போட்டால் பாதி சரியாக வருகிறது' என்று எழுதினால் அது கேலிபரேஷன். இரண்டாவது வாக்கியத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் இன்று சாயந்திரம் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று அது சொல்கிறது. முதல் வாக்கியம் அதைச் சொல்லவில்லை. 'ஏறவே ஏறாது' என்பதும் சொல்லவில்லை.

'அப்படியானால் கெட்ட நினைப்பே வரக்கூடாதா' என்று கேட்பீர்கள். வரட்டும். வராமல் இருந்தால்தான் ஆபத்து. கண்ட்ரோல் ரூமில் அலாரம் எதற்கு வைத்திருக்கிறோம்? ஆனால் அலாரம் என்றதும் எங்கள் தொழிலில் எல்லோரும் படிக்கிற ஒரு விபத்து இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்ட் ஹேவன் என்ற இடத்தில் டெக்ஸாகோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. காலையில் இடி மின்னல். அதில் ஒரு யூனிட்டில் தீ, மற்ற யூனிட்கள் எல்லாம் தடுமாற்றம். அதைச் சமாளித்துக்கொண்டே ஆலையை ஓட்டினார்கள். ஐந்து மணி நேரம் கழித்து, பகல் ஒன்றரை மணி வாக்கில், சுமார் 20 டன் எரிபொருள் வெளியேறி வெடித்தது. 26 பேருக்குக் காயம். உயிர்ச்சேதம் இல்லாதது புண்ணியம். விசாரணையில் வந்த ஓர் எண்ணிக்கை எங்களைப் போன்றவர்களுக்கு மனப்பாடம். வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரங்கள் 275. இரண்டரை விநாடிக்கு ஒன்று. படித்து முடிக்கவே நேரம் கிடையாது, என்ன செய்வது என்று யோசிப்பது எங்கே? சத்தத்தை நிறுத்த பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த ஆலையில் இருந்த 2040 அலாரங்களில் 87 சதவீதத்துக்கு 'உயர் முன்னுரிமை' என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். எல்லாமே அவசரம் என்றால் எது அவசரம்? இதற்கு நடுவே, மூடிக் கிடந்த ஒரு வால்வைத் திறந்திருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வால்வுதான் விஷயமே. 275 சத்தத்தில் அது எங்கே காதில் விழும்?

ராத்திரி இரண்டு மணிக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் தனியாக நிற்கும் பையனின் மண்டைக்குள் இதுதான் நடக்கிறது. அரியர், அட்டெண்டன்ஸ், பேங்க் லோன், தங்கச்சி கல்யாணம், அவள் மெசேஜுக்குப் பதில் போடாதது, முடி கொட்டுவது, அப்பாவின் சர்க்கரை. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு விளக்கு, ஒரே சத்தம். அந்த நேரத்தில் அவனிடம் போய் "பாசிடிவா இருடா" என்று சொல்வது 276-ஆவது அலாரம்.

அந்த விபத்துக்குப் பிறகு எங்கள் துறையில் என்ன செய்தார்கள்? அலாரத்தை எல்லாம் பிடுங்கிப் போடவில்லை. 1999-இல் ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191 என்ற வழிகாட்டி நூல் வந்தது. ஆபரேட்டர் செய்ய வேண்டிய காரியம் என்று ஒன்று இருந்தால்தான் அது அலாரம், இல்லாவிட்டால் அது வெறும் தகவல் என்றது. பிளாண்ட் சீராக ஓடும்போது பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக வந்தால் ஒரு மனிதன் தாங்குவான் என்று கணக்கும் சொன்னது. அதிலிருந்து ஒவ்வோர் ஆலையிலும் உட்கார்ந்து, 'இது அடித்தால் நீ என்ன செய்வாய்' என்று ஒவ்வொரு அலாரத்துக்கும் கேட்டு எழுதுகிறோம். நானே மாதக் கணக்கில் இந்த வேலை பார்த்திருக்கிறேன். பதில் இல்லாத அலாரங்கள் கத்தையாகக் கழியும்.

'அப்பாவுக்கு சர்க்கரை.' இன்று ராத்திரி இரண்டு மணிக்கு நான் செய்யக்கூடியது என்ன? ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து மாத்திரை போட்டாரா என்று கேட்கலாம். சரி, அது ஞாயிற்றுக்கிழமைத் தகவல். 'அட்டெண்டன்ஸ் 71.' நாளைக் காலை எட்டே முக்காலுக்கு வகுப்பில் இருக்க வேண்டும். இது அலாரம்.

எங்கள் தொழிலில் கெட்டதை நினைப்பதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள் தெரியுமா? ஹசாப் என்று ஒரு ஆய்வு. பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, 'இந்த லைனில் ஃப்ளோ இல்லாமல் போனால்? அதிகமானால்? தலைகீழாக வந்தால்?' என்று நாள் முழுக்க அபசகுனமாகவே பேசுவோம். எங்கள் பாட்டி கேட்டால் வாயைக் கழுவச் சொல்வாள். ஆனால் அந்தத் தாளில் கடைசியாக மூன்று பத்திகள் உண்டு: செய்ய வேண்டியது என்ன, யார், எந்தத் தேதிக்குள். அதை நிரப்பியதும் அடுத்த லைனுக்குப் போய்விடுவோம். ஐந்தரை மணிக்குக் கூட்டம் முடியும், வீட்டுக்குப் போவோம். மொட்டை மாடிக் கவலைக்கு அந்த மூன்று பத்தியும் கிடையாது, ஐந்தரை மணியும் கிடையாது.

இதுவரை சொன்னது எல்லாம் உட்கார்ந்து எழுதக் கூடியவனுக்கு. பேனாவை எடுக்கவே தெம்பில்லாதவனுக்கு என்ன வழி? அதற்கு என் வகுப்புத் தோழன் ஒருவன் கதையைச் சொல்கிறேன். அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன், பெயர் சொல்ல மாட்டேன். யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுபவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் இவன்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். முதல் செமஸ்டரிலேயே அடி. மூன்றாம் ஆண்டு முடிவில் ரிசல்ட் வந்தபோது அது 2009, கம்பெனிகளே கேம்பஸுக்கு வர யோசித்த வருடம். ஏழாவது செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரத்தில் ஒரு சாயந்திரம், டிரங்குப் பெட்டியோடு லேப் வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தான். எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, பெட்டியோட?"

"ஊருக்குப் போறேண்ணே. இனிமே வரல."

"ஏன்?"

"அரியர் நெறைய இருக்குண்ணே. நமக்கு இது சரிப்படாது."

"நெறையன்னா எத்தனை?"

"எட்டோ ஒம்பதோ இருக்கும்ணே."

"இருக்குமா? லேப்ல ரீடிங் எடுக்கறப்ப 'நெறைய வோல்ட்'னு எழுதுவியா? உள்ள வா. மார்க் ஷீட்ட எடு."

பூட்டிய கதவைத் திறந்தார். அப்சர்வேஷன் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். எண்ணிப் பார்த்தால் ஏழு. அவனுக்கே தெரியாது! அதில் இரண்டு, எப்படியும் பெயிலாகத்தானே போகிறோம் என்று பரீட்சைக்கே போகாதது. மூன்று பேப்பரில் 40-ஐத் தாண்டியிருந்தான்; பாஸுக்கு 50. எழுதியும் நிஜமாகவே மண்ணைக் கவ்வியது இரண்டுதான், எம்-3யும் கண்ட்ரோல் சிஸ்டம்ஸும். அண்ணன் தாளை அவன் பக்கம் திருப்பி, "இதுல உனக்குச் சரிப்படாதது எது? காட்டு" என்று கேட்டாராம்.

அன்றைக்குப் பெட்டி லேபிலேயே தங்கிவிட்டது. மறுநாளிலிருந்து தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு அவன் அங்கே வர வேண்டும். 46 மார்க் வாங்கிய ஒரே ஒரு பேப்பர். தினம் இரண்டு கணக்கு. மற்ற ஆறைப் பற்றிப் பேசக்கூடாது. அண்ணன் டிப்ளமா படித்தவர். "எனக்கு உங்க கணக்கு தெரியாது தம்பி. ஆனா நீ போடறியா, இல்ல போட்ட மாதிரி உக்காந்திருக்கியான்னு பாக்கத் தெரியும்" என்பார். அவன் வராத நாளில் ஹாஸ்டல் அறைக்கே வந்து நிற்பார். நான் பார்த்திருக்கிறேன். திட்ட மாட்டார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்பார், அவ்வளவுதான்.

நவம்பர் பரீட்சையில் மூன்று போனது. அடுத்த மேயில் இரண்டு. நாங்கள் எல்லோரும் கோட்டு மாட்டி போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகும் அவன் வந்து எழுதினான். கடைசி எம்-3, 2011 மே மாதம். இன்று ஒரு மருந்து ஆலையில் கேலிபரேஷன் பிரிவு அவன் பொறுப்பில் இருக்கிறது. கதை சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடிட் வரும் வாரத்தில் இன்றும் 'நமக்குச் சரிப்படாது' என்ற அதே குரல் கேட்கிறதாம். அப்போது என்ன செய்வாய் என்று கேட்டேன். "எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சிடுவேன்டா" என்றான். அப்புறம் இன்னொன்றும் சொன்னான். "அந்த ஒரு வருஷமும் அண்ணன் ஒருநாள்கூட 'உன்னால முடியும்'னு சொன்னதே இல்லடா."

இதற்கு ஒரு விளக்கம் எனக்குப் பல வருடம் கழித்துக் கிடைத்தது. மாணவனை நாயோடு ஒப்பிடுகிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், சோதனை நாய்களை வைத்துத்தான் நடந்தது.

பெக் இருந்த அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். சில நாய்களுக்கு மின்சார அதிர்ச்சி. தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சி. ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. மறுநாள் எல்லா நாய்களையும் ஒரு பெட்டியில் விட்டார்கள். குட்டையான தடுப்பு, தாண்டினால் தப்பிக்கலாம். முதல் வகை நாய்கள் தாண்டிப் போயின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு முனகின. முயற்சி பயனற்றது என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று சொல்லி, 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று பெயர் வைத்தார்கள். பாடப்புத்தகத்தில் எல்லாம் ஏறியது.

மறு வருடம் அந்த நாய்களை மீட்கப் பார்த்தார்கள். தடுப்பையே எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். எழுந்திருக்கவில்லை. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டி, அந்தப் பக்கத்துக்கு இழுத்தார்கள். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. இழுக்க இழுக்கக் கயிற்றில் பாரம் குறைந்துகொண்டே வந்து, பிறகு தானாகவே தாண்டத் தொடங்கின.

ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆராய்ச்சி முடிவுகளைப் பார்த்துவிட்டு, நாங்கள் அன்று சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். அந்த வயதில் அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. நீண்ட நேரம் அடிபட்டால் சுருண்டு படுப்பது மூளையின் இயல்பான பதில். அதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது, 'நான் செய்தால் நிற்கும்' என்பதைத்தான். அதைக் கண்டுகொள்ளும் பகுதி மூளையின் முன்புறத்தில் இருக்கிறது. அது விழித்துக்கொண்டால் அந்தச் சுருண்டு படுக்கும் இயல்பை அடக்கிவிடுகிறது.

தம்பி தங்கைகளே, அப்படியென்றால் முடங்கிக் கிடப்பது உங்கள் குணக்கேடு இல்லை. 'நான் செய்தேன், நடந்தது' என்பதைத்தான் மூளைக்குக் கொடுக்க வேண்டும். 46-ஐ 50 ஆக்குவது போலச் சின்னதாக இருந்தால் போதும். நினைப்பு மாறிய பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தால் விடியாது. எழுந்த பிறகு நினைப்பு தானே கொஞ்சம் நகரும்.

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பத்தைந்து வயதில் வேலை போய், பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் மற்றவர்களின் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். குரூப்பில் பூங்கொத்துப் படமும் பொன்மொழியும் அனுப்புவதைவிட, "உன் ரெஸ்யூம் அனுப்பு, நாளைக்குப் பத்து மணிக்கு உட்கார்ந்து பார்ப்போம்" என்று ஒருவர் எழுதினால் போதும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மேலே சொன்ன எதுவும் வைத்தியத்துக்கு மாற்று அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது சோம்பலும் இல்லை, எண்ணக் கோளாறும் இல்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மஞ்சள் காமாலைக்கு டாக்டரிடம் போகிற மாதிரி இதற்கும் போக வேண்டும். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அதை ஆராய்ந்துகொண்டு உட்காரக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். ரூம்மேட் மேல் சந்தேகம் வந்தால், "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டபின் அவனைத் தனியே விடாதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன்.

அந்த லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். சாயந்திரம் ஐந்து மணிக்கு லேப் பூட்டியே கிடக்கிறது. முதல்வர் அவர்களிடம் நேற்றே பேசிவிட்டேன். வாரத்தில் மூன்று நாள், ஏழு மணி வரை திறந்து வைக்கச் சம்மதித்திருக்கிறார். உள்ளூரிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் பழைய மாணவர்கள், ஆளுக்கு ஒரு மாணவன், ஒரு பேப்பர், ஒரு செமஸ்டர். பாடம் மறந்துவிட்டதே என்று கவலை வேண்டாம். அவன் கணக்குப் போடுகிறானா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். வெளியூரில் இருப்பவர்கள் வாரம் ஒரு தடவை வீடியோவில் பார்க்கலாம். என் பேட்ச்சில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், என் கோவில்பட்டித் தோழனும் அதில் உண்டு. அவன் எம்-3 எடுத்துக்கொள்கிறேன் என்று முதலிலேயே பிடித்துக்கொண்டான்.

வரவேற்பு மேசையில் இரண்டு நோட்டு வைத்திருக்கிறோம். ஒன்று மூத்தவர்களுக்கு. இன்னொன்று மாணவர்களுக்கு; அதில் பெயர் வேண்டாம், பேப்பரும் மார்க்கும் ஒரு போன் நம்பரும் எழுதினால் போதும். மார்க் தெரியாதவர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். 'நெறைய' என்று எழுதினால் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.